கோலா மூடா ரொட்டிக் கடையில் அந்தோணி அண்ணன்

எண்பதுகளின் நடுவில் ஒரு டிசம்பர் விடுமுறையில் அந்தோணி அண்ணனைக் கோலா மூடாவுக்கு அழைத்துப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம் என்று இன்றும் வருந்துகிறேன்.

அண்ணன் அங்கே ரோந்துப் படகுகளுக்கு மெக்கானிக்காக இருந்தவர். கடல்வழியே பயங்கரவாதிகள் ஆயுதம் இறக்கிய காலம் அது. படகு போகாத நாளாகப் பார்த்தே இறக்கினார்கள். தகவல் கசிகிறது என்று துப்பறிய வந்தவர்கள் அண்ணனைச் சந்தேகித்தார்கள், வேலை போனது. அப்புறம் கரங்கான் தோட்டத்தில் டிராக்டர் பழுது பார்த்தார். உண்மையான ஒற்றன் ரொட்டிக் கடையில் பிடிபட்டானாம் என்று பல வருடம் கழித்துக் காதில் விழுந்ததும், அதைக் கடைக்காரர் வாயாலேயே கேட்க வேண்டும் என்றார்.

பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டிலிருந்து காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். வாடகைக் காருக்குப் பேரம் பேசி எட்டு வெள்ளி, தூரம் இருபது கிலோமீட்டர் இருக்கும். வழியெல்லாம் அண்ணன் விசில் அடித்துக்கொண்டு வந்தார்.

கடை படகுத்துறைக்கு எதிரிலேயே இருந்தது. நரைத்த தாடியோடு போன அண்ணனைக் கடைக்கார பாய்க்கு அடையாளம் தெரியவில்லை. நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"ஆமாக்கா, இங்கதான் புடிச்சாங்க. சாதாரண உடுப்புல ஒரு போலீஸ்காரரு ஒரு வாரம் தே குடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு. மீன் வாங்க வந்த மாதிரி ஒருத்தன் பின்மேசையில தினமும் காது கொடுத்துக் கேட்டுக்கிட்டு இருந்தான்லா."

"என்னத்தக் கேட்டான்?" என்றார் அண்ணன்.

"ரொட்டி ஆர்டரைத்தான். ரோந்து போட்டு கிளம்புறதுன்னா அன்னிக்குக் காலையிலேயே ஆளுங்களுக்கு ரொட்டி சொல்ல மெக்கானிக் வருவாரு. தங்கமான மனுசன். வாசல்ல நின்னே, 'பாய், ராத்திரிக்குப் பத்து பொட்டலம்'னு சத்தம் கொடுப்பாரு. அவரு வரலன்னா அன்னிக்கு போட்டு இல்ல. அதுக்கப்புறம் பொட்டலம் கட்ட வேணாம்னுட்டாங்க. ஆயுதம் இறங்குறதும் நின்னு போச்சு."

அண்ணன் ரொட்டியைத் தொடவில்லை. எனக்குப் பாயின் வாயைப் பொத்த வேண்டும்போல இருந்தது.

இப்போது போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குமேல் வெயில் தாங்காது. மீன் மலிவு, ரொட்டியும் நன்றாக இருக்கும். யாரையாவது பழைய விஷயம் கேட்கக் கூட்டிப் போவதாக இருந்தால் மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது காரில் விசில் இல்லை. பாதி வழியில் அண்ணன் சொன்னார்: "அன்னிக்கு விசாரிச்சப்ப, யாருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலன்னு மாதா மேல சத்தியம் பண்ணேன் தங்கச்சி. ஊருக்கே கேக்குற மாதிரி நானேதான் சொல்லியிருக்கேன்."