பூவம்மாள் துழாவிய சேறு

பழவேற்காடு கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த உமர் பாரூக் பாய், எதிரே யார் நின்றாலும் பேச்சில் விட்டுக்கொடுக்காதவர். அவரையும் ஒருத்தி வாயடைக்க வைத்தாள். ஏரிக்கு நடுவே உள்ள நடுத்திட்டில் எறா தடவிப் பிழைத்த பூவம்மாள்தான் அவள்.

எறா தடவுவது என்றால் லேசுப்பட்ட வேலையா? கழுத்தளவு முங்குகிற மாதிரி தண்ணீரில் குந்திக்கொண்டு, பறி என்கிற ஓலைக் கூடையைப் பல்லால் கடித்து இழுத்தபடி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். வலையும் கிடையாது, தூண்டிலும் கிடையாது. சிக்குகிற இறாலை வாய்க்கு நேரே மிதக்கும் அந்தப் பறியில் போட்டுக்கொண்டே நகர வேண்டும். புருஷன் போன பிறகு இருபது வருஷமாக அவளுடைய விரல்கள்தான் அவளுக்குச் சோறு போட்டன.

சுனாமி வந்து போன இரண்டாம் வருஷம் ஒரு காலை, பூவம்மாள் ஈரப் புடவையோடு கடையேறி, ஒரு கோணிப்பையைக் கல்லாவுக்கு முன்னால் கவிழ்த்தாள். சேறும் நாற்றமுமாகப் பாலிதீன் கவர்கள் சரிந்து விழுந்தன.

"இன்னாம்மா இது, யாவார நேரத்துல!"

"உன் சரக்குதான் பாய். திருப்பிக் குடுக்க வந்துகிறேன்."

பாய்க்குச் சுரீரென்று கோபம் வந்தது. வராதா பின்னே? படகில் தண்ணீர் தெறித்துக் காகிதப் பொட்டலம் ஊறுகிறது, சர்க்கரை பாகாகிறது என்று திட்டு ஜனங்கள் புலம்பியதால்தானே அவர் கட்டுக் கட்டாகக் கவர் வாங்கி, ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக் கட்டிக் கொடுத்தார்! அதை ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டும் இருந்தார்.

"நனையாம குட்த்தது தப்பா?"

"தப்புன்னு நான் சொல்லல. ஒருவாட்டி வந்து கைய வச்சிப் பாரு. எறா பட வேண்டிய எடத்துல கவுருதான் படுது. இன்னொரு வருசம் இப்டியே போச்சின்னா நானும் கூலி வேலைக்குக் கும்மிடிப்பூண்டி கம்பெனி வேனுல ஏற வேண்டியதுதான். இந்த வயசுல என்னை எவன் சேத்துப்பான், சொல்லு?"

மறுநாள் பாய் வீம்புக்குத்தான் படகேறினார். கைலியை மடித்துக் கட்டி ஆழமில்லாத பக்கம் இறங்கி, கையை விட்டார். வழவழவென்று ஏதோ சிக்கியது. இழுத்தால் கவர். மறுபடி விட்டார். அதுவும் கவர்.

பக்கத்தில் பூவம்மாள் கண்ணை மூடிக்கொண்டு துழாவினாள். வெளியே எடுக்கும் முன்பே பேர் சொன்னாள். "இது உப்புக் கவுரு. இது ஷாம்பு பாக்கெட்டு. இது நீ பொங்கலுக்கு வெல்லம் கட்டிக் குட்த்தது, முடிச்சி கூட அவுக்காம கிழிச்சிகிறாங்க."

எடுத்துக் காட்டினாள். இரட்டைச் சுற்றுப் போட்டு, மேலே ஒரு காது விட்ட முடிச்சு. பாய் தன் கையால் போடுகிற அதே முடிச்சு.

"யா அல்லா!" என்றார். வேறு பேச்சு வரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை கடைத்தெருவே கரையில் கூடிவிட்டது. ஏரி நடுவே ஒரு படகு பளபளவென்று மின்னிக்கொண்டு வந்தது. பூவம்மாள் வீடு வீடாகக் கெஞ்சியும் திட்டியும் சேர்த்த மூடி போட்ட தூக்குகள். நாற்பத்திரண்டு வீட்டுக்கு நாற்பத்திரண்டு. தூக்கில் போட்ட சர்க்கரை எந்தத் தண்ணீரில் நனையும்! இந்தச் சின்ன விஷயம் இத்தனை வருஷம் தன் புத்திக்கு எட்டவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டே பாய் அளந்து போட்டார்.

அதே படகின் அடித்தட்டில், ஏரிச் சேற்றிலிருந்து வாரிய குப்பை மூட்டைகளும் வந்தன. கவரை மீஞ்சூர் காயலான் கடைக்காரன் எடுத்துக்கொண்டான். ஷாம்பு பாக்கெட்டை மட்டும் எவனும் சீந்தவில்லை. காலிப் பாக்கெட் கொண்டுவந்தால்தான் அடுத்தது என்று பாய் கறாராகச் சொல்லிவிட்டார். சேர்ந்ததெல்லாம் இன்றைக்கும் அவர் பரணில்தான் கிடக்கிறது.

திட்டுப் பெண்கள் ஆளுக்கு இரண்டு பறியோடு தண்ணீரில் இறங்கினார்கள். ஒன்று எறாவுக்கு, ஒன்று குப்பைக்கு. எட்டு மாதம் குப்பைப் பறிதான் கனத்தது. மூன்று பேர் வெறுத்துப்போய்க் கம்பெனி வேனில் ஏறிவிட்டார்கள். பூவம்மாள் ஏறவில்லை. அப்படி ஒரு பிடிவாதத்தைப் பாய் அதுவரை கண்டதில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு நாள் ஆள் அனுப்பினாள். பாய் போய், பழைய இடத்திலேயே இறங்கிக் கையை விட்டார். சேறு. அள்ளினார். வெறும் சேறு, மெத்தென்று. இதற்கே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது உள்ளங்கையில் சுருக்கென்று எதுவோ குத்தித் துள்ளியது. "யம்மாடி!" என்று அலறிக் கையை உதறினார். எறா பாய்ந்து தப்பித்துப் போயே போய்விட்டது.

பூவம்மாள் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். இருபது வருஷப் பழக்கத்தில் அவள் சிரித்துப் பாய் பார்த்தது அன்றைக்குத்தான்.

"உட்டுட்டேனேம்மா!"

"போவட்டும் உடு பாய். உள்ள இன்னும் கீது."