பியூலா வார்த்த ரப்பர் குழாய்

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு ரப்பர் கம்பெனியில் பியூலா பதினாறு வருஷமாக ரப்பர் வார்க்கும் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். வீடு கூடுவாஞ்சேரியில். வார்க்கும் ஒவ்வொரு உருப்படியிலும் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, பழைய இன்ஜின் ஆயில் ஊற்றிய டப்பாவில் ஊறப் போட்டு வைப்பாள். யாரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை.

2006 ஜனவரியில் வேதாசலம் என்ற ரிட்டையர்டு இன்ஜினியர், கிழிந்துபோன ஒரு ரப்பர் குழாயோடு கம்பெனிக்கு வந்தார். அவருடைய பழைய பாய்மரப் படகு முட்டுக்காட்டில் நின்றது. இன்ஜினிலிருந்து புரொப்பல்லருக்குப் போகும் தண்டு படகைத் துளைத்து வெளியேறும் இடத்தில், தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது அந்தக் குழாய்தான். பியூலா அதே அளவில் புதிதாக ஒன்று வார்த்துக் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை டப்பாவைக் கிளறிப் பார்த்தாள். அந்தக் குழாயின் துண்டு இரண்டு மடங்கு உப்பியிருந்தது. அழுத்தியதும் பிய்ந்து வந்தது.

ஆயில் தாங்கும் ரப்பரும் தாங்காத ரப்பரும் பார்வைக்கு ஒரே கறுப்பு. குழாய் வார்த்த அன்று அவள் எடுத்த ரப்பர் ஷீட்டில் எந்த ரகம் என்ற சீட்டு ஒட்டியிருக்கவில்லை. தனக்குத் தெரியாததா என்று எடுத்துப் போட்டுவிட்டாள். படகின் அடியில் எப்போதும் ஆயில் கசிந்து கிடக்கும். வேதாசலம் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம்தான் படகில் புதுச்சேரிக்குக் கிளம்புவதாகச் சொல்லியிருந்தார்.

மானேஜர் அவருக்கு போன் போட்டார். சுவிட்ச் ஆஃப்.

"திங்கக்கிழமை பாத்துக்கலாம் பியூலா. நீயா போய் எதையாவது உளறி வெக்காத."

பியூலா அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வண்டலூருக்கு ஓடினாள். கேளம்பாக்கம் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றாள். கேளம்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோ. முட்டுக்காட்டில் இறங்கியபோது மணி மூன்றரை. அதற்குள்ளேயே படகு கரையை விட்டு முகத்துவாரம் நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

முழங்கால் தண்ணீரில் இறங்கித் துப்பட்டாவை வீசிக் கத்தினாள். படகு ஓட்ட வந்திருந்த கோவளத்து அந்தோணிசாமிதான் முதலில் பார்த்தார். படகு மெல்லத் திரும்பி வந்தது.

"சார், நான் குடுத்த குழாய் தப்பான ரப்பர். என் தப்புதான். கடலுக்குப் போகாதீங்க."

வேதாசலத்துக்கு முகம் சிவந்தது. "பத்து நாளா தண்ணியில கெடக்குது, ஒண்ணும் ஆகல. லேசா சொட்டுது, கிளாம்ப் லூசா இருக்கும். வந்து பாரு."

அவள் ஏறிவந்ததும், தரை தட்டாமலிருக்க அந்தோணிசாமி படகை மறுபடி ஆழமான பக்கம் திருப்பினார். வேதாசலம் பின்பக்கப் பலகையைத் தூக்கிவிட்டு ஸ்குரூடிரைவரோடு குனிந்தார்.

"தொடாதீங்க சார்!"

அவர் ஒரு திருப்புத் திருப்பினார். ஊறிப்போயிருந்த ரப்பரில் கிளாம்ப் வளையம் கத்திபோல இறங்கியது. குழாய் பாதிச் சுற்றுக்குப் பிளந்தது. தண்ணீர் பீறிட்டு அவர் மார்பில் அடித்தது.

"இன்ஜினை ஆஃப் பண்ணு!" என்று கத்தினார் வேதாசலம்.

"ஆஃப் பண்ணா நடுவுல நின்னுடும் சார்!" என்றார் அந்தோணிசாமி. "மணல் திட்டுல ஏத்திடறேன். யக்கா, எதுனா வெச்சி அடைச்சிக்கினு இரு!"

பியூலா துப்பட்டாவைச் சுருட்டிப் பிளவின்மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். ஒரு விரல் தூரத்தில் தண்டு சுழன்றுகொண்டிருந்தது. துணியின் நுனி அதில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டாள். தண்ணீர் முட்டியைத் தாண்டியது. வேதாசலம் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தார்.

படகு மணலில் மோதி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அந்தோணிசாமி இன்ஜினை நிறுத்தினார். அதற்குப் பிறகும் அவளால் கையை எடுக்க முடியவில்லை. அவர் வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

"வெளிக் கடல்ல ஆயிருந்தா..." என்ற வேதாசலம், வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை மானேஜர் மெமோ கொடுத்தார். பியூலா கையெழுத்துப் போட்டாள். சரியான ரப்பரில் புதுக் குழாய் வார்த்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை முட்டுக்காட்டுக்கு எடுத்துப்போனாள். படகு கரையில் ஏற்றி நிறுத்தப்பட்டிருந்தது. வேதாசலம் குழாயை வளைத்து, முகர்ந்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு ஸ்பானரை அவளிடம் நீட்டினார்.

"நீயே மாட்டும்மா. நான் லைட் புடிக்கிறேன்."