ஆறரைக்கு இறங்காத தண்ணீர்

திண்டிவனத்தில் தொட்டிக்குள் பச்சைப்புல் வளர்த்து மீன் விடத் தெரிந்தவர் இளவழகன் ஒருவர்தான். விழுப்புரத்தில் செல்போன் கடையில் இருந்த மச்சினன் வல்லரசு, அவர் கடை இருந்த தெருவிலேயே வளர்ப்பு மீன் கடை போடப்போவதாகச் சொன்னபோது இளவழகன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் வல்லரசு போன் செய்தான்.

"மாமா, செடியெல்லாம் வெளுத்துக்கினே வருது. கேஸ் எவ்ளோ விடணும்?"

கரியமில வாயு கரைந்தால் செடி தழைக்கும், தண்ணீரின் அமில அளவைக் காட்டும் பிஎச் எண் இறங்கும். ஆனால் அந்தத் தெருவின் போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அந்தக் கடினத்தன்மை பிஎச்சை லேசில் இறங்க விடாது. எண்ணைப் பார்த்து வாயுவை ஏற்றிக்கொண்டே போனால் மீனுக்கு மூச்சு முட்டிவிடும். இளவழகனுக்கு இது நன்றாகத் தெரியும்.

"பிஎச் ஆறரைக்கு வர்ற வரைக்கும் தொறந்து வுடு," என்றார்.

மறுநாள் காலை எதிர்ச்சாரியில் வல்லரசுவின் கடையில் ஒரே கூட்டம். இளவழகன் தன் கடையிலேயே உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது.

"மாமா, ஜல்தி வாங்க! எல்லா மீனும் மேல வந்து வாயத் தொறந்துக்கினு நிக்குது!"

"பிஎச் எவ்ளோ?"

"இன்னும் ஏழுலயே நிக்குது."

"அப்ப பத்தல. கொஞ்சம் கூட்டி வை. பழகிக்கும்."

ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போனார். மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. 'ராசியில்லாதவன்' என்று உறவுக்காரர் ஒருவர் வல்லரசுவின் காதுபடவே சொன்னார். அழுதுகொண்டிருந்த மச்சினனின் தோளில் இளவழகன் கை வைத்தார்.

கடையை மூடிய வல்லரசு அவரிடமே தொட்டி கழுவ வந்து சேர்ந்தான். "ஆறரைன்னு நீங்க சரியாத்தான் சொன்னீங்க மாமா, எனக்குத்தான் செய்யத் தெரியல," என்று அக்கா எதிரிலும் சொல்வான். இளவழகன் மறுத்ததில்லை.

ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்த மனைவி சூர்யகலா வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே அனந்தபுரத்துக்காரர் ஒருவருக்கு இளவழகன் விளக்கிக்கொண்டிருந்தார்: "நம்ம தண்ணி சுண்ணாம்புத் தண்ணிங்க. ஆறரைக்குக் கொண்டாறேன்னு கேஸ ஏத்தாதீங்க, மீனு செத்துடும்."

அவர் போனதும் அவள் கேட்டாள்: "என் தம்பிக்கு மட்டும் ஏன் வேற மாதிரி சொன்னீங்க?"

"ஒரே தெருவுல ரெண்டு கடை எதுக்கு?"

பின்கட்டில் வல்லரசு தொட்டி தேய்க்கும் சத்தம் கேட்டது. அவனுக்கு இப்போது வேறு பிழைப்பில்லை. சூர்யகலா தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டாள். பிறகு இருவருக்கும் சோறு போட்டாள்.