மாப்பிள்ளை சேமித்த கோப்பு

சிங்காநல்லூரில் இருக்கும் என் மாமனார் மில் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே பழகிய பழைய தமிழ் எழுத்துருவில்தான் இன்றும் அடிப்பார். காலமான என் அத்தையின், அதாவது மாமியாரின், முதல் வருஷத் திதிக்கு, அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட வேண்டும் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து அடித்திருந்தார். அச்சகத்தில் திறந்தால் ஒரு எழுத்தும் தமிழாகத் தெரியவில்லை. யூனிகோடுக்கு மாற்றிக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள்.

பென் டிரைவோடு துடியலூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"உங்குளுக்கு வேலை இருந்தா இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாமுங்க மாப்ள."

"அஞ்சு நிமிஷ வேலைங்க மாமா" என்றேன். கம்ப்யூட்டர் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறேன் என்பதைத் தவிர இந்த வாக்குக்கு வேறு ஆதாரம் கிடையாது. இன்னொன்றும் உண்டு. கல்யாணமான புதிதில் அத்தையின் ஓடாத மிக்ஸியைக் கழற்றி மாட்டிவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோது அது புதிது போல ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தெம்பு எனக்கு இன்னும் குறையவில்லை.

கோப்பைத் திறந்தேன். என் கம்ப்யூட்டரின் எடிட்டர் அதை யூனிகோடு என்று நினைத்துக்கொண்டு, புரியாத இடத்திலெல்லாம் கேள்விக்குறியைப் போட்டிருந்தது. சேமிக்காமல் மூடியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நானோ 'யூனிகோடாகச் சேமி' என்று கொடுத்தேன். ஏதோ எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கையெல்லாம் தெரியாதவர்களுக்கு என்று 'ஆம்' என்பதை அமுக்கினேன். மூடித் திறந்தால், உள்ளே நிஜமாகவே கேள்விக்குறிகள்தான் இருந்தன.

மாமனார் வீட்டில் மாப்பிள்ளையிடம் தப்பு என்று சொல்லும் வழக்கமே இல்லை. நான் சாம்பாரைக் கொட்டினாலும் தரை முன்பே ஈரமாகத்தான் இருந்தது என்பார்கள்.

"எல்லாம் ஒரே மாதிரி வரிசையா வந்திருக்குதுங்க" என்றார் மாமா.

எனக்கு வியர்த்துவிட்டது. "அழிச்சுப்போட்டேனுங்க மாமா. நீங்க எழுதுனதெல்லாம் போச்சுங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து இன்னொரு பென் டிரைவை எடுத்து வைத்தார். "இதுல ஒண்ணு இருக்குதுங்க. உங்க அத்தை சொல்லிப்போட்டுப் போனதுங்க. மாப்ளகிட்ட எதக் குடுத்தாலும் அதே மாதிரி இன்னொண்ணு கைல வெச்சிருக்கோணும்னு. அந்த மிக்ஸிக்கு அப்பறமா..." நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அது ஓடுச்சுங்களே மாமா?"

"ஓடுனது வேறைங்க. அதே கலர்ல வாங்கிப்போட்டா."

இத்தனை வருஷமும் அந்த மிக்ஸியில் அரைத்த சட்னியை மீசையைத் தடவிக்கொண்டே சாப்பிட்டிருக்கிறேன். அத்தை சிரிப்பைக் காட்டாமல் இன்னொரு கரண்டி வைப்பார். வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிட, அவர் இப்போது இல்லையே என்றிருந்தது.

இந்த முறை முதலில் நகல் எடுத்தேன். பிறகு, எடிட்டரை நம்பாமல், பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றித் தரும் நிரலில் கோப்பைப் போட்டேன். தமிழ் வந்தது. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மிக்ஸி சமாச்சாரம் இதுல இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"சேச்சே, மாப்ளயப் பத்தி அப்பிடி எழுதுவேனுங்களா?"

கடைசிப் பக்கத்துக்குப் போய் நானே அந்த மிக்ஸிக் கதையை அடிக்க ஆரம்பித்தேன். பக்கத்திலிருந்து வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், தயங்கித் தயங்கி, முதல் தடவையாக என்னைத் திருத்தினார்.

"வெள்ளை இல்லீங்க மாப்ள. பச்சை."