பாசையூரில் ஒரு செத்தவீடு

காலை ஐந்தரை மணி, கரவெட்டி. 1994ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளி.

அன்று பெரிய வெள்ளி என்று தெரியாமல் நாங்கள் புறப்படவில்லை. கலண்டரில் அது சிவப்பு நாள். வேதக்காரருக்குப் பெருநாள், தொழிலுக்குப் போகமாட்டார்கள், வீட்டில் எல்லோரும் இருப்பார்கள், ஆகவே உறவு புதுப்பிக்க நல்ல நாள் என்று நானும் கந்தையா அண்ணையும் நினைத்துக்கொண்டோம். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்றுதான் சொல்வோம். அவர்களைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அந்தப் பெயரும் இன்னும் நாலு கதைகளும்தான். அந்த நாலும் பிழை என்பது அன்று பின்னேரம்தான் தெரிந்தது.

கந்தையா அண்ணை என் அயலவர், வெங்காயத் தோட்டக்காரர். அவருடைய ஒரே மகள் மலர், பாசையூரைச் சேர்ந்த மரியதாஸ் என்ற கடற்தொழிலாளியைக் கட்டிக்கொண்டு போய் இரண்டு வருடமாகியிருந்தது. அண்ணை கோபப்பட்டதற்குச் சமயம் மட்டும் காரணமில்லை. மற்றக் காரணத்தை நான் எழுதித்தான் நீங்கள் அறியவேண்டுமென்றில்லை. ஆனால் கோபம் ஆறிய பிறகும் அவரைப் போகவிடாமல் வைத்திருந்தது வேறொன்று. நெல்லியடிச் சந்தையில் யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள்: வேதத்தில் சேருகிறவர்கள் தாய் தகப்பனை வெறுக்கவேண்டும், அப்படித்தான் அவர்களுடைய புத்தகத்திலே இருக்கிறது என்று. மகளிடமிருந்து ஒரு சொல்லும் வராததை அவர் அதற்குச் சாட்சியாக வைத்துக்கொண்டார். ‘என்ரை படலையை மிதிக்கக்கூடாது’ என்று தானே சொல்லி அனுப்பியதை மறந்துபோனார்.

பேரன் பிறந்த செய்தியை ஒரு மீன்காரி கொண்டுவந்தாள். அதற்குப் பிறகு மனுசனுக்குத் தோட்டத்தில் நிலைகொள்ளவில்லை. துணைக்கு என்னைக் கூப்பிட்டார்.

புறப்படும்போது சிவபாக்கியம் அக்கா, அண்ணையின் மனைவி, வாசற் படலைவரை வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “தம்பி, பிள்ளையின்ரை நெத்தியிலை பொட்டு இருக்கோ எண்டு மட்டும் பாத்துக்கொண்டு வாரும். வேதத்திலை சேந்தா அழிச்சுப்போடுவினமாம்.”

ஏழு மணி, வல்லை வெளி. யுத்தத் தடையால் பெற்றோல் இல்லாத காலம். மண்ணெண்ணெயில் ஓடும் கார் ஒன்று புகையை எங்கள் முகத்தில் பூசிவிட்டுப் போனது. மற்றபடி வழி முழுவதும் சைக்கிள்கள்தான். நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய பதினேழு மைல். அண்ணையின் சைக்கிளில் பின்னால் ஒரு பை வெங்காயமும் பனையோலைக் குட்டான்களில் பனங்கட்டியும் இருந்தன. முன்னால், ஹாண்டிலில் கால் கட்டித் தலைகீழாக ஒரு சேவல். அண்ணை வெள்ளிக்கிழமையில் மச்ச மாமிசம் தொடாதவர். ஆனால் வேதக்காரருக்கு விரதம் என்று ஒன்று கிடையாது, சேவலைக் கண்டால் சம்பந்தி வீடு மகிழும் என்பது அவருடைய எண்ணம். எனக்கும் அது சரியாகவே பட்டது.

எட்டரை மணி, நீர்வேலி. கடைக்காரர் சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டித் துண்டைக் கையில் வைத்தார். இரண்டு பிளேன்ரீ ஆறு ரூபா. சேவலைப் பார்த்து, “உவர் எங்கை பயணம்?” என்று கேட்டார். சம்பந்தி வீட்டுக்கு என்றார் அண்ணை. அந்தச் சொல்லை அவர் வாயில் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

கோப்பாய், இருபாலை, நல்லூர் கடந்து கொழும்புத்துறை வீதியால் இறங்கியபோது பத்து மணி. கடல் தெரிந்தது. நான் கடற்கரை ஊர் என்றால் இரைச்சல் என்று நினைத்திருந்தவன். பாசையூரில் அன்று ஒரு சத்தமில்லை. வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடந்தன. ஒரு வீட்டிலும் புகை எழவில்லை, வானொலி பாடவில்லை. பெண்கள் வெள்ளைச் சேலையில் தலைகுனிந்து நடந்தார்கள். சூசைப்பிள்ளை வீடு எது என்று கேட்டோம். மரியதாஸின் தகப்பன் அவர். வழிகாட்டிய மனிதர் வாய் திறக்காமல் கையால் காட்டிவிட்டுப் போனார்.

அந்த வீட்டுக்குள்ளிருந்து ஒப்பாரி வந்தது. நாலைந்து பெண்கள், பெற்ற மகனைப் பறிகொடுத்த தாயின் குரலில், நெஞ்சு பிளக்கிற மாதிரிப் பாடினார்கள். அண்ணை சைக்கிளை விட்டு இறங்கினார். அந்த நேரம் மலர் படலைக்கு வந்தாள். வெள்ளைச் சேலை, அழுது சிவந்த கண்கள், இடுப்பில் குழந்தை. நெற்றியில் பொட்டு இல்லை.

அது எப்படிப்பட்ட காலம் என்பதை நீங்கள் நினைக்கவேண்டும். கடலுக்குப் போகிறவன் கரைக்கு வருவது நிச்சயமில்லாத காலம். அண்ணையின் கையிலிருந்து சைக்கிள் நழுவி விழுந்தது, சேவல் கத்தியது. அவர் மணலில் அப்படியே இருந்துவிட்டார்.

“என்ரை வாய்தான் பிள்ளை. அவனைக் கடல் கொண்டு போகட்டும் எண்டு நான்தானே சொன்னனான்.”

மலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தகப்பனைக் கண்டதும் அவள் பெரிதாக அழத் தொடங்கிவிட்டாள். அது அவரை இன்னும் உடைத்தது. அழுத சத்தத்துக்கு வீட்டுக்குப் பின்னாலிருந்து வெள்ளைச் சாரம் உடுத்த ஒருவன் ஓடிவந்தான். மரியதாஸ்.

அண்ணை எழுந்தார். இரண்டு வருடமாகப் பெயரைக்கூடச் சொல்லாத மனிதர், அவனை இரண்டு தோளிலும் பிடித்து, ஆள் மெய்தானா என்று அமத்திப் பார்த்தார். “இருக்கிறியோ தம்பி? நீ இருக்கிறியோ?”

அப்படியானால் செத்தது யார்? அதை நான்தான் கேட்டேன். மரியதாஸ் வீட்டுக்குள் மேசையில் நின்ற சிலுவையைக் காட்டினான்.

யோசித்துப் பாருங்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய சாவு. அதற்கு ஓர் ஊரே அடுப்பை அணைத்து, பொட்டை அழித்து, நேற்றுப் பறிகொடுத்த மாதிரி அழுகிறது. பெருநாள் என்று நினைத்துச் சேவலோடு போனவர்கள் நாங்கள்.

மத்தியானம், விடியமுன் காய்ச்சி வைத்த உப்புக் கஞ்சி தந்தார்கள். அன்று முழுவதற்கும் அவர்களுக்கு அது ஒரு நேரம்தான். சூசைப்பிள்ளை பகிடிக்காரர், துக்க நாள் என்பதால் அடக்கி வைத்திருந்தார். ஆனாலும் சேவலைக் கண்டதும் அடங்கவில்லை. “எங்கடை கதையிலை உவருக்கும் ஒரு இடம் இருக்கு, சம்பந்தி. கோழி கூவ முன்னம் தன்ரை குருவைத் தெரியாதெண்டு மூண்டு தரம் சொன்னவன் ஒருத்தன். அவனும் மீன்பிடிகாரன்தான். ஞாயிறு வரைக்கும் உவர் சீவிக்கட்டும்.”

நான் எனக்குத் தெரிந்த கதைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். வெள்ளைக்காரனின் சமயம்தானே என்றேன். யேசுநாதர் பிறந்தது ஆசியாவில், வெயில் பட்ட நிறமாகத்தான் இருந்திருப்பார், வெள்ளைக்காரன் பிறகு வந்து சேர்ந்தவன் என்றார். ஆதாம் தின்ற அப்பிளைப் பற்றிக் கேட்டேன். பழம் என்றுதான் இருக்கிறது, அப்பிளை யாரோ இடையில் சொருகிவிட்டார்கள் என்றார். வேதாகமம் ஒரு புத்தகமே இல்லையாம். சட்டம், பாட்டு, அரசர் கதை, கடிதம் என்று எழுபத்துமூன்று புத்தகங்கள், பல காலத்தில் பலர் எழுதியவை, ஒரு அட்டைக்குள். அந்தத் தடித்த புத்தகத்தைப் புதிதாய்ப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

அண்ணை அதுவரை கஞ்சிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலை நிமிராமல், தாய் தகப்பனை வெறுக்கச் சொல்லி அதற்குள் இருக்கிறதா என்று கேட்டார். மலர் கதவோரம் அசையாமல் நின்றாள்.

சூசைப்பிள்ளை தன் கோப்பையைக் கீழே வைத்தார். “ஓம், அப்பிடி ஒரு வசனம் கிடக்கு. இல்லையெண்டு உங்களுக்குப் பொய் சொல்லமாட்டன். தாய் தகப்பனிலும் மேலாக் கடவுளை வைக்கச் சொல்லுற வசனம் எண்டு எங்களுக்குப் படிப்பிச்சவை. தாய் தகப்பனைக் கனம்பண்ணு எண்டு கட்டளையும் அதே புத்தகத்திலைதான். வலையிலை ஒரு கண்ணை மட்டும் பாத்து வலையை அளக்கேலாது, சம்பந்தி. மூண்டு மணிக்குக் கோயிலுக்கு வாருங்கோ. மிச்சத்தை அங்கை கேளுங்கோ.”

மூன்று மணி. மணி அடிக்கவில்லை. அன்று மணிக்கும் துக்கமாம், மரத் தட்டியைத் தட்டினார்கள். அண்ணை நெற்றித் திருநீற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வாசலில் தயங்கினார். பாயில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருவரும் நெற்றியைப் பார்க்கவில்லை.

யேசுநாதர் பட்ட பாடுகளின் கதையைப் பங்குச் சுவாமியார் வாசித்தார். பிடித்தது, அடித்தது, முள்முடி, ஆணி. கடைசியில் ஓரிடம் வந்தது. சிலுவையில் மூச்சு அடங்கும் நேரத்தில், கீழே நிற்கிற தாயைக் காண்கிறார். தன் நோவைச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற சீடனிடம் தாயை ஒப்படைக்கிறார், இனி இவள் உன் தாய் என்று. அன்றிலிருந்து அந்தச் சீடன் அவளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்தான் என்று வாசித்தபோது, அண்ணை என் கையைப் பிடித்தார்.

“சாகேக்கையும் தாயைப் பாக்க ஆள் வைச்சிட்டுத்தானோ போனவர்?”

யேசுநாதர் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கிக் கிடத்தினார்கள். சனம் வரிசையாகப் போய்ப் பாதத்தை முத்தமிட்டது. அண்ணையும் எழுந்தார். நல்லூர்க் கோயிலில் செய்கிற மாதிரியே தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் மலர், அவளுக்குப் பின்னால் மரியதாஸ். எத்தனையோ தேர் பார்த்திருக்கிறேன், எத்தனையோ காவடி பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு வரிசையை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை நான் தனியாகத் திரும்பினேன். அண்ணை வரவில்லை. செத்தவர் எழும்பும்வரை நின்றுவிட்டு, திங்கட்கிழமை பிள்ளையையும் மருமகனையும் பேரனையும் கூட்டிக்கொண்டு வருவதாக வீட்டில் சொல்லச் சொன்னார். சேவல் வேலியோரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. கோப்பாயில் சைக்கிள் சில்லுக்குக் காற்றுப் போனது, ஒட்டப் பத்து ரூபா.

பகல் பன்னிரண்டு, கரவெட்டி. சிவபாக்கியம் அக்கா படலையிலேயே நின்றார். மனுசன் எங்கே என்று கேட்கவில்லை.

“பொட்டு இருந்ததோ?”

நேற்று இல்லை, நாளைக்கு வைப்பாள் என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஒப்பாரியை, ஆணியை, தாயை ஒப்படைத்ததை. அக்கா படலையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் படலைக்குள் கால் வைக்கப்போனபோது கையை நீட்டி மறித்தார்.

“செத்தவீட்டாலை வாறீர், தம்பி, துடக்கு. கிணத்தடிக்குப் போய்த் தலையிலை தண்ணி வாத்திட்டு வாரும்.”

அது இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய சாவு, அக்கா, நாளைக்கு எழும்பிவிடுவாராம் என்றேன்.

“அப்ப நாளை வரைக்கும்தான் துடக்கு,” என்றார். கிணற்றுத் துலாவைத் தானே இழுத்து எனக்குத் தண்ணீர் அள்ளித் தந்துவிட்டு, குசினிக்குள் போய் அடுப்பில் எரிந்த விறகை வெளியே இழுத்தார். “சம்பந்தி வீட்டுத் துடக்கு எங்களுக்கும்தானே.”