நாலில் எது போனாலும்

லிஃப்ட் மெக்கானிக்கின் பயங்களுக்கு ஒரு வரிசை உண்டு. வீட்டைப் பூட்டிப் படி இறங்கியதும் அடுப்பை அணைத்தோமா என்று தோன்றும். ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு இறங்கினால் குழாய். குழாயையும் பார்த்துவிட்டு இறங்கினால், பூட்டினோமா என்ற சந்தேகம். மனைவி அதற்குள் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்திருப்பாள்.

"லிஃப்டை ஏத்தி இறக்கறது பத்தாதுன்னு தன்னையும் ஏத்தி இறக்கிக்கிறாரு" என்று தங்கையிடம் சொல்வாள்.

ஆனால் அவருக்குச் சோறு போட்டது அந்தப் பயம்தான். லிஃப்டுக்குக் கயிறு ஒன்றல்ல, பல. ஒன்று அறுந்தாலும் மற்றவை தாங்கும். உலகத்தில் எல்லாமே அப்படி இருந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று அவர் நினைப்பார்.

அப்படியொரு ஏற்பாட்டை வீட்டிலேயே செய்ய ஒரு வாய்ப்பு வந்தது. மனைவியின் போன் நிரம்பிவிட்டது. அதில் ஆயிரம் குப்பைகளோடு ஒரே ஒரு உசத்தியான சாமானும் இருந்தது: இறந்துபோன மாமனாரின் வீடியோ. கேமராவைக் கண்டால் எழுந்து போய்விடும் மனுஷர் அவர். ஒரே ஒரு முறை மாட்டிக்கொண்டார், அதுவும் மாப்பிள்ளையைத் திட்டும் மும்முரத்தில்.

மெக்கானிக் மாமனார் வீட்டு டியூப்லைட்டைச் சரிசெய்யப் போய், எரிந்துகொண்டிருந்த பக்கத்து பல்பையும் அணைத்துவிட்ட நாள் அது. வீடியோவில் மாமனார் விரலை நீட்டிச் சொல்வார்: "ஊர்ல இருக்கற லிஃப்டையெல்லாம் ஏத்தி இறக்கறாராம் மாப்பிள்ளை! அவர்கிட்ட எதையாவது குடுத்தீங்கன்னா ஒரு கும்பிடு போட்டுட்டுக் குடுங்க. திரும்பி வராது." சொல்லிவிட்டு, பல்செட் நழுவ நழுவச் சிரிப்பார். மனைவி அதை வாரம் ஒருமுறையாவது போட்டுப் பார்ப்பாள். திட்டு மெக்கானிக்குக்குப் பழகிவிட்டது.

காலி செய்த ஓர் அலுவலகத்திலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். முன்பக்கம் நாலு டிராயர். ஒவ்வொன்றிலும் ஒரு டிஸ்க்கைச் சொருகலாம், உருவலாம். ஒவ்வொன்றும் ஓர் அளவில் நாலு டிஸ்க் சேர்த்தார். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஏற்றினார்.

"என்னங்க, வெறும் எழுத்தா ஓடுது? படமே காணோம்?"

"இது வேலை செய்யற மெஷின். படம் காட்டறதுக்கு இல்லை."

"அதான் நீங்க இருக்கீங்களே."

மூன்று டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே பெட்டிபோல் தெரியவைத்தார். நாலாவதில் சாமான் கிடையாது, கணக்கு மட்டும். மூன்று எண்களையும் அவற்றின் கூட்டலையும் எழுதிவைத்தால், எண்களில் எதை அழித்தாலும் மீதியை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா, அந்த மாதிரி. ஒரே நிபந்தனை, புதிதாக எதைப் போட்டாலும் கணக்கையும் புதுப்பிக்க வேண்டும். அதை அவர் அடுப்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்: காலையில் ஒருமுறை, வேலைக்குக் கிளம்பும்போது ஒருமுறை, செருப்பைப் போட்டபிறகு இன்னொரு முறை.

போனில் இருந்ததெல்லாம் பெட்டிக்குப் போனது. "அழிக்கலாமா? நிஜமா?" என்று கேட்டாள் மனைவி.

"தைரியமா அழி."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதே இல்லை. அழித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினனும் மச்சினியும் சாப்பிட வந்திருந்தார்கள். மெக்கானிக்குக்குப் பெருமை தாங்கவில்லை. பெட்டியைத் தட்டிக்காட்டிச் சொன்னார்: "இந்த நாலுல எதை வேணும்னாலும் ஒண்ணை உருவிட்டுப் போ. ஒண்ணும் ஆகாது."

சொன்ன வேகத்தில் போன் அடித்தது. எங்கோ ஒரு லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டதாம். ஓடினார். சாயங்காலம் திரும்பி வந்து, வழக்கம்போல் முதலில் அடுப்பைப் பார்த்தார், பிறகு பெட்டியை.

இரண்டு டிராயர் காலி. முன்பல் போன வாய்போல் இளித்துக்கொண்டிருந்தது பெட்டி.

மச்சினனுக்குப் போன் போட்டார்.

"நான்தான் மாமா எடுத்தேன். நீங்கதானே ஒண்ணு எடுத்தா ஒண்ணும் ஆகாதுன்னீங்க? ஒண்ணுதான் எடுத்தேன். ஆனா அது காலி டிஸ்க்கு."

"காலியா? யார் சொன்னது?"

"லேப்டாப்தான். சொருகினதும் ஃபார்மட் பண்ணவான்னு கேட்டுச்சு. ஆமான்னேன்."

"ஏன்டா ஆமான்னே?"

"மரியாதையா கேக்குது மாமா, என்ன செய்யச் சொல்றீங்க?"

லினக்ஸில் எழுதிய டிஸ்க்கை மச்சினனின் விண்டோஸ் லேப்டாப்பால் படிக்க முடியாது. படிக்கத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளாமல் துடைத்துத் தரட்டுமா என்று கேட்கும். அந்த டிஸ்க்கில்தான் மாமனார் இருந்தார். இன்னொரு டிஸ்க் முழுசாகத் திரும்பி வந்தால் கணக்குப் போட்டு அவரை மீட்டுவிடலாம். அதுவும் துடைக்கப்பட்டால், திரும்பி வராது என்று மாமனார் சொன்னது அவர் விஷயத்திலேயே பலித்துவிடும்.

இன்னொன்று மச்சினியிடம்தான் இருக்க வேண்டும். அவள் போன் பிஸி. மறுபடி அடித்தார். பிஸி. சமையலறையிலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"...ஆமாண்டி, உனக்கு ஒண்ணு எடுத்துக்கோன்னு நான்தானே குடுத்தேன். அவர் ஒண்ணும் சொல்லமாட்டாரு."

பாய்ந்து போய், "போனைக் குடு!" என்றார். மனைவி ஈயை விரட்டுவதுபோல் கையை வீசினாள்.

"என்னது? லேப்டாப் ஏதோ கேக்குதா? இரு, இரு, என்ன கேக்குதுன்னு படி... ஆமாவா இல்லையாவா?" அவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, ஃபார்மட்னா என்ன?"

"இல்லைன்னு சொல்லு!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "இல்லை! இல்லவே இல்லை! கையை எடு!"

போனுக்குள்ளிருந்து மச்சினி மெல்லக் கேட்டாள்: "அக்கா, மாமாவுக்கு உடம்புக்கு ஏதாவதா?"

அவர் பஸ் பிடித்துப் போய், துடைபடாமல் தப்பிய அந்த டிஸ்க்கை முட்டைபோல் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தன்னுடையதை மச்சினனே கொண்டுவந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நீட்டினான். நடந்ததைக் கேட்ட மனைவி, அழித்துவிட்ட வீடியோவைத் தன் போனில் தேடிக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

இரண்டையும் சொருகி, துடைக்கப்பட்டதை மீட்கும்படி கட்டளை கொடுத்தார். எழுத்துகள் ஓடின. மறுநாள் மத்தியானம்வரை ஓடின. அவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். செருப்பைப் போட்டபிறகு ஒருமுறை புதுப்பித்த கணக்கு அது. பிசகியிருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நம்பிக்கை வரவில்லை.

எழுத்துகள் நின்றன. மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வீடியோவைப் போட்டார்.

"...ஒரு கும்பிடு போட்டுட்டுக் குடுங்க. திரும்பி வராது." பல்செட் நழுவியது. சிரிப்பு.

மனைவியும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பொய் சொல்றாரு அப்பா. திரும்பி வந்துட்டாரே."

அந்த வாரமே மெக்கானிக் இரண்டு பென் டிரைவ் வாங்கி, இரண்டிலும் வீடியோவை ஏற்றினார். ஒன்றை மச்சினன் வீட்டில் கொடுத்தார், இன்னொன்றை மச்சினி வீட்டில். "லேப்டாப் ஏதாவது கேட்டா, என்ன சொல்லணும்?" என்று பரீட்சையும் வைத்தார்.

"இல்லைன்னு சொல்லணும் மாமா."

இப்போது அவரை மூன்று வீடுகளில் திட்டுகிறார்கள். ஒரு வீட்டில் அழிந்தாலும் மற்ற இரண்டு வீடுகளில் திட்டு பத்திரமாக இருக்கும். மச்சினி வீட்டுப் படியிறங்கி பஸ் ஸ்டாப்வரை வந்தவர், பென் டிரைவுக்கு மூடி போட்டோமா என்று பார்க்கத் திரும்பி ஏறினார்.