கொக்குக்குக் கிடைத்த ஸ்டூல்

துணிக்கடையில் என் அக்காவுக்குப் பட்டப்பெயர் கொக்கு. இருபத்தாறு வருடமாக அதே கடை, அதே இரண்டாவது மாடி, சட்டைத்துணிப் பிரிவு. அங்கே வேலை செய்கிறவர்கள் உட்காரக் கூடாது. ஸ்டூல் எல்லாம் துணி வாங்க வருகிறவர்களுக்கு. படியோரக் கல்லாவிலிருந்து முதலாளியம்மா எல்லாரையும் பார்த்துக்கொண்டே இருப்பார். அதனால் அக்கா கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பாள். நானோ வாடகைக் கார் ஓட்டுகிறவன். உட்கார்ந்தே பிழைக்கிறேன். ஒரே வயிற்றில் பிறந்துதான் இப்படி.

பதினேழாவது வருடம் அவள் இடது கெண்டைக்காலில் நரம்பு புடைத்துச் சுருண்டுகொண்டது, மண்புழுக் கும்பல் மாதிரி. டாக்டர் லேசர் வைத்து மூடிவிடலாம் என்றார். இரண்டு மாதம் கழித்துத்தான் தேதி. அதுவரை உட்கார்ந்து வேலை செய்யட்டும் என்று கடிதம் கொடுத்தார். முதலாளியம்மா கடிதத்தைப் படிக்கவில்லை. காலைப் பார்த்தார்.

"ஐயே, மூடு மூடு. ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டுக்கோ."

முதலாளியம்மா சாப்பிடப் போகிற நேரத்தில் அந்த ஒரு ஸ்டூலில் மாடியே முறை வைத்து உட்கார்ந்தது. "கொக்கே, எந்திரி. உன் பத்து நிமிஷம் முடிஞ்சு போச்சு."

லேசருக்குக் காலையில் போனோம். மதியம் நடந்தே வெளியே வந்தாள். கத்தி இல்லை, தையல் இல்லை, ஊசி குத்தின துளைதான். ஆறு வாரத்தில் கால் பளிச்சென்று ஆனது. சந்தோஷம் தலைக்கேறி, நேரே கல்லாவுக்குப் போய்ப் புடவையைத் தூக்கிக் காட்டினாள்.

"பாருங்கம்மா, ஒரு தழும்புகூட இல்ல."

"அட, நல்லாயிடுச்சே! அப்ப அந்த ஸ்டூலைக் கீழ அனுப்பிடு."

ஒரு வாரம் மாடியில் ஒருத்தரும் அவளோடு பேசவில்லை.

வருடம் ஒருமுறை ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு தடவை போனாள். அப்புறம் லீவு கிடைக்கவில்லை. காலுக்குக் கொடுத்த இறுக்கமான சாக்ஸும் கிழிந்துபோனது. லேசர் வைத்த ஒன்பதாவது வருடம் அதே கால் மறுபடி புடைத்தது. அதே டாக்டரிடம் போனோம்.

"நாங்க மூடின நரம்பு மூடினபடியே இருக்கு. நல்ல ரிசல்ட். இது பக்கத்துல வேற ஒண்ணு."

"ரிசல்ட் நல்லா இருந்தா கால் ஏன் சார் இப்படி இருக்கு?" என்றேன்.

"நாள் முழுக்க நிக்கிறாங்களே. திரும்பச் செஞ்சிடலாம். தோல் கறுத்திருக்கு, தள்ளிப் போடாதீங்க. புண்ணு வந்தா லேசில ஆறாது."

அக்கா கேட்டது ஒன்றுதான். "லெட்டர் குடுப்பீங்களா?"

கொடுத்தார். மறுநாளே ஸ்டூல் வந்தது. லேசருக்குக் குறித்த தேதி போனது, அடுத்த தேதியும் போனது. நான் கத்தினேன்.

"ஏக்கா, அறிவிருக்கா உனக்கு?"

"செஞ்சா கால் நல்லாயிடும்டா."

"அதுக்குத்தானே செய்யறது?"

"நல்லாயிட்டா ஸ்டூல் போயிடும். இன்னும் நாலு வருஷம் அங்க தள்ளணும். உக்காந்தே பிழைக்கிறவனுக்கு என்ன தெரியும்?"

போன வாரம் சட்டைத்துணி எடுக்கப் போனேன். ஸ்டூலில் உட்கார்ந்து, கல்லாவுக்குத் தெரிகிற மாதிரி இடது காலை நீட்டி வைத்திருந்தாள். கணுக்காலில், கறுத்த தோலுக்கு நடுவே, நகமளவு ஈரம். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். புடவையைக் கீழே இழுத்துவிடவில்லை.

"எத்தனை மீட்டர் வேணும், அதைச் சொல்லு" என்றாள்.